தூரப்பார்வைக்காரருக்குத் தூரமும் சும்மா தெரிவதில்லை

“அண்ணே, பிள்ளைக்கு எட்டத்துல எல்லாம் நல்லாத் தெரியுதுண்ணே. பஸ்ஸு திரும்பும்போதே நம்பரைச் சொல்லிப்புடுறா. இவளுக்கு எதுக்குண்ணே கண்ணாடி?”

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த அம்மா. கையில் கண் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு: இரண்டு கண்ணுக்கும் +4.00. சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற மகளுக்கு 5 வயது. கவுன்டரில் கிடந்த பேனாவை எடுத்து அதன் முனையை உற்றுப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் இடது கண் மூக்குப் பக்கம் ஒதுங்கியது. பேனாவை வைத்துவிட்டு வாசலைப் பார்த்ததும் கண் ஓரளவு நேரானது. “அது ராசிக் கண்ணுன்னு எங்க அத்தை சொல்றாகண்ணே” என்றார் அந்த அம்மா, பாதி நம்பிக்கையோடு.

மதுரையில் கண்ணாடிக் கடைக் கவுன்டருக்குப் பின்னால் 17 வருஷமாக நிற்கிறேன். இந்தக் கேள்வி வாராவாரம் வரும். நின்றபடியே, அடுத்த ஆள் காத்திருக்கும்போது சொல்கிற பதில் அரைகுறையாகத்தான் இருக்கும். உட்கார்ந்து சொல்கிற பதில் இது.

பெயரிலேயே தொடங்கும் குழப்பம்

பள்ளிக்கூடப் புத்தகத்தில் கிட்டப்பார்வை என்றால் கிட்டத்தில் தெரியும், தூரத்தில் தெரியாது. தூரப்பார்வை அதற்கு மறுதலை. எது மிச்சம் இருக்கிறதோ அதை வைத்துத்தான் பெயர். கடைக்கு வருகிறவர்கள் வாயில் இது தலைகீழாகிவிடும். “எனக்குக் கிட்டப்பார்வைங்க” என்பார். விசாரித்தால் பேப்பர் படிக்க முடியவில்லை என்பார். எது கெட்டுப்போனதோ அதைத்தானே நோயின் பெயராகச் சொல்வோம், அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால் நான் பெயரைக் கேட்பதை விட்டு வெகுநாளாகிறது. “எது தெரியல?” என்றுதான் கேட்பேன்.

இவற்றோடு மூன்றாவது ஒன்று: வெள்ளெழுத்து. 40 வயதைத் தாண்டியவர்களுக்குக் கிட்டத்து எழுத்து மங்குவது. கறுப்பு எழுத்து காகிதத்தின் வெள்ளையோடு கரைந்துபோவதை ஒரே சொல்லில் பிடித்துவைத்திருக்கிறார்கள் நம் ஆட்கள். தூரப்பார்வை, வெள்ளெழுத்து இரண்டுக்குமே பிளஸ் கண்ணாடிதான். அதனால் இரண்டும் ஒன்று என்று ஊரே நினைக்கிறது. ஊரைக் குறை சொல்லவும் முடியாது. பிளஸ் கண்ணாடி இத்தாலியில் புழக்கத்துக்கு வந்தது 13ஆம் நூற்றாண்டின் கடைசியில். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரத்து மருத்துவர் டாண்டர்ஸ் இந்த இரண்டையும் தெளிவாகப் பிரித்து எழுதியதோ 1864-இல். இடையில் 500 வருஷத்துக்கு மேல்.

ஒரு வரியில் வித்தியாசத்தைச் சொல்லிவிடலாம். தூரப்பார்வை கண்ணின் அளவில் உள்ள குறை, பிறவியிலேயே இருக்கலாம். வெள்ளெழுத்து கண்ணின் வயது. இந்தக் கட்டுரை முக்கியமாக முதலாவதைப் பற்றியது.

சுவரில் ஒரு தெரு

வீட்டில் செய்து பார்க்க ஒரு வேலை தருகிறேன். +2 ரீடிங் கிளாஸ் ஒன்றும் +1 ஒன்றும் வேண்டும். பகல் நேரத்தில் அறை விளக்கை அணைத்துவிடுங்கள். ஒரு ஜன்னல் மட்டும் திறந்திருக்கட்டும். அதற்கு எதிர்ச் சுவருக்குப் பக்கத்தில் +2 கண்ணாடியைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். சுவரிலிருந்து ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் தள்ளி வரும்போது, ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் இருக்கிற மொட்டைமாடியும் தண்ணித் தொட்டியும் சுவரில் குட்டியாக, தலைகீழாக வந்து விழும். காற்றில் ஆடுகிற துணிகூடத் தெரியும்.

தூரத்திலிருந்து வருகிற வெளிச்சத்தை வளைத்து ஓரிடத்தில் கூட்டுவதுதான் இந்தக் கண்ணாடியின் வேலை. நடு தடித்து ஓரம் மெலிந்த இந்த வடிவத்துக்குக் குவிலென்ஸ் என்று பெயர். மசூர்ப் பருப்பை விரலில் எடுத்துப் பார்த்தால் அதே வடிவம்தான். லென்ஸ் என்ற சொல்லே லத்தீனில் அந்தப் பருப்பின் பெயரிலிருந்து வந்தது.

50 சென்டிமீட்டர் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? லென்ஸ் எவ்வளவு வலுவாக வளைக்கிறது என்பதை அளக்கும் அலகு டையாப்டர். நாம் பவர் என்கிறோமே, அதுதான். 1 பவர் லென்ஸ் தூரத்து வெளிச்சத்தை 1 மீட்டரில் கூட்டும். 2 பவர் அரை மீட்டரில், 4 பவர் கால் மீட்டரில். பவர் ஏற ஏறத் தூரம் குறையும். இந்தக் கணக்கை 1872-இல் பிரெஞ்சு மருத்துவர் மொனோயே முன்வைத்தார். இன்றைக்கும் எங்கள் சீட்டுகளில் எழுதுவது அதுவே.

இனிமேல்தான் விஷயம். அதே +2 கண்ணாடியைச் சுவருக்கு 33 சென்டிமீட்டரில், ஒரு அடிக்குச் சற்று மேலான இடத்தில் பிடியுங்கள். படம் கலங்கிவிடும். வெளிச்சம் 50-இல் கூட வேண்டியது, அதற்கு முன்பே சுவர் குறுக்கே வந்துவிட்டது. கையை அசைக்காமல் +1 கண்ணாடியை அதற்கு முன்னால் ஒட்டிப் பிடியுங்கள். 2-உம் 1-உம் சேர்ந்து 3. மூன்றில் ஒரு மீட்டர், அதாவது 33 சென்டிமீட்டர். மொட்டைமாடி பளிச்சென்று திரும்பி வரும்.

நீங்கள் இப்போது ஒரு தூரப்பார்வைக் கண்ணைச் செய்து, அதற்குக் கண்ணாடியும் மாட்டிவிட்டீர்கள்.

கண்ணுக்குள் எது லென்ஸ், எது சுவர்

கண்ணில் வெளிச்சத்தை வளைக்கிற இடம் இரண்டு. முதலாவது கருவிழிக்கு முன்னால் கைக்கடிகாரக் கண்ணாடிபோல் மூடியிருக்கும் கருவிழிப் படலம், அதாவது கார்னியா. இரண்டாவது அதற்குப் பின்னால் உள்ளே இருக்கும் விழிலென்ஸ். இரண்டும் சேர்ந்து சுமார் 60 டையாப்டர். அதில் மூன்றில் இரண்டு பங்கு முன்னால் இருக்கிற படலத்துடையது என்றால் பலரும் நம்புவதில்லை. லென்ஸ் என்று பெயர் வாங்கியது உள்ளே இருப்பதுதானே!

கிணற்றில் முங்கிக் கண்ணைத் திறந்து பார்த்தவர்களுக்கு இதை நிரூபிக்க வேண்டியதில்லை. தண்ணீருக்குள் எல்லாமே கலங்கல். காற்றிலிருந்து படலத்துக்குள் நுழையும்போதுதான் வெளிச்சம் நன்றாக வளையும். தண்ணீரிலிருந்து நுழைந்தால் அந்த வளைவு ஏறக்குறைய காணாமல் போகும். முங்கிய நேரத்துக்கு நீங்கள் படுமோசமான தூரப்பார்வைக்காரர். மீன் இதை எப்படிச் சமாளிக்கிறது? மீனாட்சி ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட முடியாது. மீன்தலைக் குழம்பு சாப்பிடும்போது கண்ணுக்குள்ளிருந்து கெட்டியாக, வெள்ளையாக, உருண்டையாக ஒன்று வருமே, அதுதான் மீனின் விழிலென்ஸ். உயிரோடிருக்கும்போது அது தெளிவாக இருக்கும், வெந்ததும் வெளுத்துவிடும். படலம் உதவாத இடத்தில் வாழ்கிறதால் முழு வேலையையும் அந்த உருண்டையே செய்கிறது. நம்முடையது அப்படி உருண்டையாக இல்லாமல் தட்டையாக இருப்பதற்குக் காரணம் முன்னால் படலம் உழைப்பதுதான்.

சுவர் என்று நான் சொன்னது கண்ணின் பின்பக்கத்தில் இருக்கும் விழித்திரை. படம் அதன்மேல்தான் விழ வேண்டும். வளர்ந்த ஆளின் கண் முன்னிருந்து பின்வரை சுமார் 24 மில்லிமீட்டர் நீளம். அது ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் ஏறத்தாழ 3 பவர் தூரப்பார்வை வந்துவிடும். ஒரு சின்னக் கடுகின் கனம்தான் வித்தியாசம். சில பேருக்கு நீளம் சரியாக இருந்து படலம் தட்டையாக இருக்கலாம். அதிலும் முடிவு ஒன்றுதான்: வெளிச்சம் கூடுவதற்கு முன்பே திரை குறுக்கே வந்துவிடும்.

பிறந்த குழந்தையின் கண் சுமார் 17 மில்லிமீட்டர்தான். பெரும்பாலான கைக்குழந்தைகள் லேசான பிளஸ் பவரோடுதான் இருக்கிறார்கள். கண் வளர வளர அது குறைந்து பூஜ்யத்தை நெருங்கும். அந்த உசிலம்பட்டிச் சிறுமிக்குக் கண்ணில் கோளாறு என்பதைவிட, வளர்த்தி பற்றவில்லை என்பது பொருத்தம்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: கண் என்பதும் ஒரு லென்ஸும் ஒரு சுவரும்தான். தூரப்பார்வையில் சுவர் முன்கூட்டியே நிற்கிறது. இந்த இடத்தில் ஒரு நியாயமான சந்தேகம் வர வேண்டும். சுவரில் செய்தபோது தூரத்து மொட்டைமாடியே அல்லவா கலங்கியது? அப்படியானால் அந்தப் பிள்ளை எட்டத்து பஸ் நம்பரை எப்படிப் படித்தாள்?

நுங்கும் தண்டலும்

காரணம், நம் கண்ணின் லென்ஸ் கண்ணாடித் துண்டு இல்லை. சித்திரை வெயிலில் வாங்கித் தின்கிறோமே இளநுங்கு, அதுபோல அமுக்கினால் உருமாறுவது. அதைச் சுற்றி வளையமாக ஒரு தசை இருக்கிறது. வளையத்துக்கும் லென்ஸுக்கும் நடுவே நுண்ணிய இழைகள் லென்ஸை எல்லாப் பக்கமும் இழுத்துத் தட்டையாக வைத்திருக்கின்றன. தசை சுருங்கும்போது வளையம் சுருக்குப்பையின் வாய்போலக் குறுகும், இழைகள் தளரும், லென்ஸ் உருண்டு தடிக்கும். தடித்தால் பவர் ஏறும். இதற்குப் பாடப்புத்தகம் வைத்திருக்கும் பெயர் ஏற்பமைவு.

இது எல்லாருக்கும் உள்ள வசதி. ஒத்தக்கடைச் சாலையில் நின்று யானைமலையைப் பார்க்கும்போது சரியான கண்ணுக்குச் செலவே இல்லை, தசை தளர்ந்திருக்கும். 40 சென்டிமீட்டரில் புத்தகம் பிடித்தால் 2.5 டையாப்டர் செலவு. 10 வயதுப் பிள்ளையிடம் 12-க்கு மேலேயே இருப்பு இருக்கும் என்பதால் இந்தச் செலவு உறைக்காது.

தூரப்பார்வைக் கண்ணின் கதை வேறு. மாட்டுத்தாவணியில் தண்டலுக்குப் பணம் வாங்கி வியாபாரம் செய்கிறவரைப் பாருங்கள். விடிந்ததும் வருகிற முதல் காசு தண்டல்காரருக்குப் போகும். அரிசி, பருப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான். +4 உள்ள கண்ணும் அப்படித்தான். யானைமலையைப் பார்க்கவே 4 கட்ட வேண்டும். புத்தகம் எடுத்தால் 4-உம் 2.5-உம் சேர்த்து 6.5. பிள்ளைகள் புத்தகத்தை மூக்குக்குப் பக்கத்தில், 25 சென்டிமீட்டரில் வைத்துப் படித்தால் 8. கண் விழித்ததிலிருந்து தூங்கும்வரை அந்தத் தசைக்கு ஓய்வு கிடையாது.

தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பார்கள். தூரப்பார்வைக் கண்ணுக்கு அந்தக் குளிர்ச்சிகூட இலவசமாகக் கிடைப்பதில்லை. தூரம் தெரிகிறது என்பது உண்மை, சும்மா தெரிவதில்லை என்பதும் உண்மை. பெயர் முதலாவதை மட்டும் சொல்கிறது.

இதனால்தான் பள்ளிக்கூடப் பரிசோதனையில் இந்தப் பிள்ளைகள் தப்பிவிடுகிறார்கள். 6 மீட்டரில் அட்டையை மாட்டிக் கடைசி வரி வரை படிக்கச் சொன்னால், தசையை இறுக்கி மளமளவென்று படித்துவிடுவார்கள். “பார்வை நார்மல்” என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். பிறகு சாயங்காலமானால் தலைவலி, கண்ணைக் கசக்கல், ரெண்டு வரி படித்ததும் எழுத்து ஆடுகிறது என்ற புகார். “படிக்கச் சொன்னாலே இவனுக்குத் தலைவலி வந்துரும்ங்க” என்று சிரித்துக்கொண்டே சொல்லும் அப்பாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சில பையன்கள் நடிக்கிறார்கள்தான். சிலர் நடிக்கவில்லை.

பிளஸ் கண்ணாடி என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை

+4 கண்ணாடி மாட்டியதும் தண்டல் அடைபடுகிறது. கண்ணுக்குள் நுழைவதற்கு முன்பே வெளிச்சம் 4 டையாப்டர் வளைந்துவிடுவதால், யானைமலையைப் பார்க்கத் தசை உழைக்க வேண்டாம். புத்தகத்துக்கு எல்லாரையும்போல 2.5 கொடுத்தால் போதும்.

கண்ணாடி கண்ணை மாற்றுவதில்லை. கண்ணின் நீளம் அப்படியேதான் இருக்கும். கழற்றினால் பழைய கணக்குத் திரும்பிவிடும். செருப்பு போட்டால் முள் குத்தாது, அதற்காகக் காலின் தோல் தடித்துவிடுவதில்லை. அதுபோலத்தான். பிள்ளைகளுக்கு வளர வளர பிளஸ் பவர் குறையக்கூடும். அது கண் வளர்வதால்.

பொன்னாங்கண்ணிக்கீரையும் கேரட்டும் சாப்பிட்டால் பவர் போய்விடுமா என்று கேட்காதவர் இல்லை. கீரை நல்லது. வைட்டமின் ஏ பற்றாக்குறையால் வருகிற மாலைக்கண்ணுக்கு அது உதவும். ஒரு மில்லிமீட்டர் குட்டையான கண்ணை எந்தக் கீரையும் நீட்டாது.

வீட்டில் கிடக்கிற பழைய கண்ணாடி பிளஸ்ஸா மைனஸ்ஸா என்று தெரிய எங்கள் தொழில் வழி ஒன்று உண்டு. தினசரிப் பேப்பருக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் கண்ணாடியைப் பிடித்து, அதன் வழியே எழுத்தைப் பார்த்தபடி மெதுவாக வலப்பக்கம் நகர்த்துங்கள். எழுத்து இடப்பக்கம் ஓடினால் பிளஸ். கூடவே வலப்பக்கம் வந்தால் மைனஸ். போட்டிருப்பவரின் முகத்தைப் பார்த்தும் சொல்லிவிடலாம். பிளஸ்ஸில் கண் பெரிதாகத் தெரியும், மைனஸ்ஸில் சிறுக்கும்.

பிரேமைப் பற்றி ஒரு வார்த்தை, தொழில் புத்தி விடாது. பிளஸ் பவர்க்காரர்கள் பெரிய பிரேம் கேட்டு அடம்பிடிக்கக் கூடாது. பிளஸ் லென்ஸுக்கு ஓரம் மெலிவு, நடு தடிப்பு. பிரேம் அகல அகல ஓரம் காகிதமாகிவிடாமல் இருக்க நடுவை இன்னும் தடிக்கவைக்க வேண்டிவரும். முகத்துக்கு அளவான சின்ன பிரேமில் அதே பவர் அவ்வளவு உறுத்தலாகத் தெரியாது.

ராசிக் கண்

அந்தச் சிறுமியின் கண் ஏன் ஒதுங்கியது என்பதற்கு வருவோம். என் பார்வையில் தூரப்பார்வையில் முக்கியமான இடம் இதுதான்.

ஒரு பொருளைக் கிட்டத்தில் கொண்டுவந்து பார்க்கும்போது இரண்டு வேலைகள் ஒன்றாக நடக்கின்றன. லென்ஸ் உருள்கிறது. இரண்டு கண்ணும் உள்பக்கம், மூக்கை நோக்கித் திரும்புகின்றன. இந்த இரண்டையும் மூளை ஒரே நுகத்தில் பூட்டியிருக்கிறது. ஒன்று நகர்ந்தால் மற்றதும் நகரும். சரியான கண்ணுக்கு இது பெரிய சௌகரியம். ஆனால் வாசலைப் பார்க்கவே 4 டையாப்டர் லென்ஸை உருட்டுகிற பிள்ளைக்கு, கண்ணை உள்ளே திருப்பு என்ற உத்தரவும் சேர்ந்தே போகிறது. பேனா முனையைப் பார்த்தபோது 8 டையாப்டருக்கு மேல். ஒரு கட்டத்தில் தாக்குப்பிடிக்க முடியாமல் ஒரு கண் உள்ளே போய்விடுகிறது. தூரப்பார்வையால் வரும் மாறுகண் இப்படித்தான் உண்டாகிறது, பெரும்பாலும் 2 வயதுக்கும் 5 வயதுக்கும் இடையில் வெளிப்படும். மாறுகண் எல்லாமே இதனால் வருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ராசி, அதிர்ஷ்டம் என்று விட்டுவிட்டால் என்ன ஆகும்? இரண்டு கண்ணும் இரண்டு இடத்தைப் பார்த்தால் மூளைக்கு இரண்டு படம் வரும். குழப்பம் தாங்காமல் ஒதுங்கிய கண்ணின் படத்தை அது ஒதுக்கத் தொடங்கும். ஒதுக்க ஒதுக்க அந்தக் கண்ணுக்குப் பார்க்கவே பழக்கம் விட்டுப்போகும். கண்ணில் ஒரு கோளாறும் இருக்காது, கண்ணாடி போட்டாலும் தெரியாது. இதற்குச் சோம்பேறிக் கண் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சோம்பேறித்தனம் கண்ணுடையதல்ல, பெயர் இங்கேயும் சரியில்லை. சின்ன வயதில் கண்ணாடி போட்டு, தேவைப்பட்டால் நல்ல கண்ணைச் சில மணி நேரம் மூடிவைத்து அடுத்ததை வேலை வாங்கினால் பார்வையை மீட்க முடியும். வயது ஏற ஏற அந்த வாய்ப்புக் குறைந்துகொண்டே போகும். இரண்டு கண்ணுக்கும் பவர் வித்தியாசம் அதிகமாக இருந்தால், மாறுகண் இல்லாமலேயே இது சத்தமில்லாமல் வரும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

சுருக்கமாக: பிளஸ் கண்ணாடி தசையின் உழைப்பை ஏற்றுக்கொள்கிறது. உழைப்புக் குறைந்தால் உள்ளே திருப்பும் உத்தரவும் குறைகிறது. படிக்க உதவும் கண்ணாடியே சில பிள்ளைகளுக்குக் கண்ணை நேராக்குவதும் இதனால்தான்.

சொட்டு மருந்து ஊற்றிக் காக்கவைப்பது ஏன்

பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து விட்டு உட்காரவைத்தால் பெற்றோருக்குக் கோபம் வரும். வெயிலில் கண் கூசும், கிட்டத்தில் மங்கும், அட்ரோபின் களிம்பு தடவினால் ஒரு வாரத்துக்கு மேல்கூட அந்த மங்கல் இருக்கும். ஆனால் மருந்து இல்லாமல் அளந்தால், தசை இறுகியிருக்கும் நிலையில்தான் பவர் கிடைக்கும். தண்டல் வாங்கியவரிடம் சாயங்காலம் கல்லாவை மட்டும் எண்ணிப் பார்த்து, கடன் இல்லை என்று முடிவு கட்டுவதுபோல. சொட்டு மருந்து அந்தத் தசையைத் தற்காலிகமாகத் தளரவைக்கிறது. மறைந்திருந்த பவர் அப்போதுதான் வெளியே வரும்.

ஆரம்ப நாட்களில் நானே இதில் வழுக்கியிருக்கிறேன். ஒரு பையனுக்குக் கம்ப்யூட்டர் மெஷினில் மட்டும் அளந்து +1.00 கண்ணாடி போட்டுக் கொடுத்தேன். தலைவலி நிற்கவில்லை. மருந்து விட்டுப் பார்த்தபோது +3.50. அவன் அப்பா என்னைத் திட்டவில்லை, அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. அதற்குப் பிறகு பிள்ளைகள் யாராவது நேராகக் கடைக்கு வந்தால் அளப்பதே இல்லை, டாக்டரிடம் அனுப்பிவிடுகிறேன்.

கண்ணாடி போட்டதால் பவர் ஏறியதா

விழிலென்ஸும் நுங்குபோல முற்றும். 10 வயதில் 12-க்கு மேல் இருந்த இருப்பு 40-களில் நாலைந்துக்கு வந்து, 60-இல் ஏறக்குறைய காலியாகிவிடும். எல்லாருக்கும் வெள்ளெழுத்து வருவது இப்படித்தான். புதுமண்டபத்தில் தைத்துக்கொண்டிருந்த தையல்காரர் ஒருவர், கை நீளம் போதவில்லை என்று சொல்லிக்கொண்டு ஊசியும் நூலுமாகக் கடைக்கு வந்தது நினைவிருக்கிறது. பூக்கட்டுகிற பெண்களுக்கு இது தெரிய இன்னும் நாளாகும், விரல்தானே பூவைப் பார்க்கிறது.

+2 தூரப்பார்வையோடு கண்ணாடியே இல்லாமல் வாழ்ந்த ஆளுக்கு இது சீக்கிரமே வரும். 35, 36 வயதிலேயே எழுத்து மங்கும். படிக்கக் கண்ணாடி போடுவார். சில வருஷத்தில் தூரமும் மங்கும். “கண்ணாடி போட்டேன், கண்ணு கெட்டுப்போச்சு” என்பார். நடந்தது அதுவல்ல. கட்டிவந்த தண்டலை இனிக் கட்ட முடியவில்லை, அவ்வளவுதான். இளவயதினருக்கு வேறொன்றும் நடக்கும்: பல வருஷமாக இறுகிக் கிடந்த தசை கண்ணாடி போட்டதும் மெல்லத் தளர்ந்து, ஒளிந்திருந்த பவர் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவரும். அடுத்த சீட்டில் எண் கூடியிருக்கும். புதிதாக வந்த பவர் இல்லை அது.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தரையில் விரித்து விற்கும் ரெடிமேட் கண்ணாடி வாங்கலாமா என்றால், வெறும் வெள்ளெழுத்து மட்டும் உள்ளவர், இரண்டு கண்ணும் ஒரே அளவில் இருந்தால், படிக்க வாங்கிக்கொள்ளட்டும். கடைக்காரன் நானே சொல்கிறேன். பிள்ளைகளுக்கு மட்டும் வேண்டவே வேண்டாம்.

சோடாபுட்டிக் காலம்

40 வயதுக்கு மேற்பட்ட மதுரைக்காரர்கள் எல்லாரும் சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட ஒரு அப்பத்தாவையோ தாத்தாவையோ பார்த்திருப்பார்கள். கண்கள் முகத்தைவிடப் பெரிதாகத் தெரியும். அது எதற்கு என்று பலருக்கும் தெரியாது. அந்தக் காலத்தில் கண்புரை ஆபரேஷன் என்றால் புரை பிடித்த விழிலென்ஸை எடுத்துவிடுவார்கள், அந்த இடத்தில் ஒன்றும் வைக்கமாட்டார்கள். லென்ஸே இல்லாத கண் கடுமையான தூரப்பார்வைக் கண். அதைச் சரிக்கட்டத்தான் +10-ஐ ஒட்டிய அந்தக் கனத்த கண்ணாடி. எல்லாம் கால்வாசிக்கும் மேல் பெரிதாகத் தெரியும், அதனால் பக்கத்தில் இருப்பதாகவும் தோன்றும். சொம்பிலிருந்து தம்ளரில் ஊற்றினால் தண்ணீர் தரையில் போகும். படியில் கால் தடுமாறும். படிக்க வேண்டுமென்றால் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொள்வார்கள். அது பழக்கம் மட்டுமல்ல, நல்ல இயற்பியல்: அந்த அளவு பிளஸ் லென்ஸ் கண்ணிலிருந்து 1 சென்டிமீட்டர் விலகினால் 1 டையாப்டர் கூடின மாதிரி வேலை செய்யும்.

இந்தக் காலம் முடிந்ததில் மதுரைக்குப் பங்கு உண்டு. அரசுப் பணியில் ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையை இங்கே தொடங்கினார். கண்ணுக்குள்ளேயே வைக்கும் செயற்கை லென்ஸ் அப்போது இறக்குமதிச் சரக்கு, ஏழைகளுக்கு எட்டாத விலை. 1992-இல் அரவிந்தின் தயாரிப்பு நிறுவனமான ஆரோலேப் மதுரையிலேயே அதைத் தயாரிக்கத் தொடங்கியதும் விலை இறங்கியது. எடுத்த லென்ஸின் இடத்திலேயே புது லென்ஸ் வந்துவிட்டதால் +10 கண்ணாடிக்கு வேலையில்லாமல் போனது. எங்கள் கடையில் அப்படி ஒன்று கடைசியாக எப்போது செய்தோம் என்று யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வயதானவர்களைப் பற்றி இன்னொன்று. 65, 70 வயதில் ஒருவர் திடீரென்று “கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறேன், பார்வை திரும்பிருச்சு” என்று பெருமையாகச் சொன்னால், சந்தோஷப்படுவதற்கு முன் கண்ணைக் காட்டச் சொல்லுங்கள். கண்புரை தொடங்கும்போது விழிலென்ஸின் நடு கெட்டிப்பட்டு அதன் பவர் ஏறுவதுண்டு. கொஞ்ச நாளைக்கு அதுவே ரீடிங் கிளாஸாக வேலை செய்யும்.

திரும்பி வந்தவள்

அந்த உசிலம்பட்டி அம்மா மூன்று மாதம் கழித்துப் பிள்ளையோடு வந்தார். கண்ணாடியின் ஒரு காது உடைந்திருந்தது. பந்து பட்டதாம். முகத்தில் வேறு கவலை. “கண்ணாடி போட்டா நேரா இருக்குண்ணே. கழட்டுனா பழையபடி போயிருது. முன்னைக்கு இப்ப சாஸ்தியாப் போற மாதிரி இருக்குண்ணே. கண்ணாடி பழகிப்போயிருமோ?”

“கண்ணாடியால கண்ணு கெட்டுப்போகலம்மா. தெளிவாப் பார்த்துப் பழகிட்டா, கழட்டுனதும் அதே மாதிரி பார்க்கக் கண்ணை இன்னும் இறுக்குறா. நீங்களும் நேரா இருக்கறதப் பார்த்துப் பழகிட்டீங்க, அதான் கழட்டுனதும் சட்டுனு கண்ணுல படுது. டாக்டர் சொன்ன தேதிக்கு மட்டும் தவறாமக் காட்டிருங்க. தூங்கும்போது தவிர கழட்ட வேண்டாம்.”

புதுக் காது மாட்டித் திருகாணி முறுக்க ஐந்து நிமிஷம் ஆனது. அதுவரை அவள் ஸ்டூலில் உட்கார்ந்து சுவரில் இருந்த தினத்தாள் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கண் மெதுவாக மூக்கோரம் போனது. கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிட்டேன். இரண்டு முறை இமைத்தாள். கண் வெளியே வந்து நேராக நின்றது. “தேதி கிழிக்கலை” என்றாள்.